கடைசி நாளும் ஒரு பெருவிரலும்

ஆம்பூர் சப்ரிஜிஸ்தார் கச்சேரி வாசலில், புங்கமரத்தடியில், பதினெட்டு வருஷமாகப் பத்திரம் எழுதிக்கொண்டிருந்த ஜேக்கப்புக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அவர் எழுதிக்கொடுத்த பத்திரம் ஒன்றுகூட அதுவரை கெடு தாண்டியதில்லை. கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து நாலு மாதத்துக்குள் பத்திரத்தைப் பதிவுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது சர்க்கார் போட்ட சட்டம். ஜேக்கப் அதைத் தானே போட்ட சட்டம் மாதிரி நடத்திவந்தார். கெடு நெருங்கினால் ஆள் விட்டுக் கூப்பிடுவார். அப்படியும் வராதவனைச் சந்தையில் பார்த்துவிட்டால், நாலு பேர் நடுவில் நிறுத்தி வைத்துக் கேட்பார்.

1927 பிப்ரவரி ஒன்பதாம் தேதி, புதன்கிழமை காலையில், அப்படி அகப்பட்டவன் மாதனூர் முனிரத்தினம். தோல் பதனிடும் மண்டிகளுக்கு ஆவாரம்பட்டை ஏற்றிவரும் வண்டிக்காரன். அக்டோபரில் வாங்கிய அரைக்காணி நிலத்தின் பத்திரத்தை மடியில் கட்டிக்கொண்டு வந்து நின்றான். அவனுடைய கெடுவுக்கு இரண்டு நாள்தான் பாக்கி.

"இன்னாய்யா, உனக்கு நாள் கணக்கே தெரியாதா?" என்று ஜேக்கப் தொடங்கினார். "பட்டை உரிக்கத் தேதி தெரியுது, பத்திரத்துக்குத் தேதி தெரியலையா? ரெண்டு நாள் அசந்திருந்தா வேலூருக்கு ஓடியிருப்பே. ஜில்லா ரிஜிஸ்தார் ஆபீஸ் வாசல்ல தவம் கெடந்திருப்பே."

"அதான் வந்துட்டேனே, ரைட்டரய்யா."

"நான் ஆள் அனுப்பலைன்னா வந்திருப்பியா?"

முனிரத்தினம் தலையைச் சொறிந்தான். மரத்தடியில் உட்கார்ந்திருந்த மற்ற இரண்டு ரைட்டர்களும் வேலையை நிறுத்திவிட்டு ரசித்துக்கொண்டிருந்தார்கள். ஜேக்கப் இன்னும் இரண்டு வார்த்தை வைத்திருந்தார். அதற்கு முன் மை ஒற்றும் தாளை எடுக்கலாம் என்று பெட்டியைத் திறந்து அடியில் கையைவிட்டுத் துழாவினார். தாள் வரவில்லை. பழுப்பு உறை ஒன்று வந்தது.

உறைக்குள் இருந்ததும் பத்திரம்தான். அவர் கையெழுத்தில்தான் இருந்தது. தேதி அக்டோபர் ஒன்பது.

ஜேக்கப் அதை ஒரு தரம் படித்தார். பிறகு விரலை மடக்கி எண்ணினார். பதினெட்டு வருஷமாக மனசிலேயே நாள் கணக்குப் போட்ட மனுஷர், விரல் விட்டு எண்ணியது அன்றைக்குத்தான்.

"யார் பத்திரம் அது?" என்று முனிரத்தினம் எட்டிப் பார்த்தான்.

"என்னுது," என்றார் ஜேக்கப்.

முழுக்கச் சொன்னால், அவர் மனைவி ரோஸுடையது. மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்த ரோஸுக்கு அப்பா கட்டிய வீடு ஒன்று இருந்தது. அவள் பிறந்ததும் அங்கேதான், இப்போது குடியிருப்பதும் அங்கேதான். அப்பா கடைசிக் காலத்தில் அதைத் தோல் வியாபாரி நிசார் அகமது சாயபுவிடம் அடமானம் வைத்திருந்தார். அவரும் போய்ச் சேர்ந்தார், சாயபுவும் போய்ச் சேர்ந்தார். குடும்பப் பாகப்பிரிவினையில் அந்த அடமானம் சாயபுவின் மகள் அஃப்ஸர் ஜஹான் பங்குக்கு வந்தது. போன அக்டோபரில் கடன் முழுசாகத் தீர்ந்தது. அஃப்ஸர் ஜஹானும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

ஆனால் கடன் தீர்ந்தால் போதாது. தீர்ந்தது என்று சர்க்கார் புத்தகத்தில் ஏற வேண்டும். ஏறாதவரைக்கும், வில்லங்கம் பார்க்கிறவன் கண்ணுக்கு அந்த வீடு சாயபுவின் பிடியில்தான் இருக்கும். இதை ஊருக்கெல்லாம் எடுத்துச் சொன்னவர் ஜேக்கப்தான். ரோஸ் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கோயிலிலிருந்து திரும்பும்போது கேட்பாள். "நாலு மாசம் கெடக்குது ரோஸ்," என்பார். எழுதிக் கொடுத்த பெண் கோஷா, அந்நிய ஆண்கள் கண்ணில் படாதவள். கச்சேரிக்கு வரமாட்டாள். சப்ரிஜிஸ்தாரைத்தான் வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டும், அதற்கு மனு எழுத வேண்டும், நிதானமாக ஒரு நல்ல நாள் பார்த்துச் செய்யலாம் என்று வைத்திருந்தார். கிறிஸ்துமஸ் வந்தது, பிறகு ஒரு காய்ச்சல் வந்தது, பிறகு மறந்தே போய்விட்டது. சாக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. ஊரார் கெடுவையெல்லாம் ஞாபகம் வைத்திருந்தவருக்குத் தன் வீட்டுக் கெடு ஞாபகம் இல்லை.

கெடு தாண்டினாலும் வேலூருக்கு மனுப் போட்டு, அபராதம் கட்டிப் பதியலாம். ஆனால் வேலூரிலிருந்து உத்தரவு வர ஒரு மாதம் ஆகும். அஃப்ஸர் ஜஹானுக்கோ வெள்ளிக்கிழமை நிக்காஹ். மாப்பிள்ளைக்கு ரங்கூனில் வியாபாரம். ஞாயிற்றுக்கிழமை மதராஸில் கப்பல். 'ஆமாம், நான்தான் எழுதிக் கொடுத்தேன்' என்று அதிகாரி முன்னால் ஒப்புக்கொள்ள வேண்டியவள் கடலுக்கு அந்தப் பக்கம் போய்விட்டால், ஜேக்கப்பின் அழகான கையெழுத்தில் இருக்கும் அந்தப் பத்திரம் பொட்டலம் கட்டத்தான் ஆகும்.

ரைட்டர்கள் இருவரும் சிரிப்பதற்குத் தயாராக இருந்தார்கள். முனிரத்தினம் மட்டும் சிரிக்கவில்லை.

"இன்னிக்கேதான் கெடுவா?"

"இன்னிக்கேதான்."

"அப்போ என்னுது நாளைக்கு ஆவட்டும். நீங்க மொதல்ல உள்ள போங்க."

சப்ரிஜிஸ்தார் சேஷகிரி ராவ் கண்டிப்பான மனிதர். பத்திரத்தை வாங்கிப் பார்த்தார், தேதியைப் பார்த்தார், கண்ணாடிக்கு மேலாக ஜேக்கப்பைப் பார்த்தார்.

"ஜேக்கப், இந்த வாசல்ல நீர் எத்தனை பேரைத் திட்டியிருப்பீர்?"

"எண்ணினதில்ல, சார்."

"நானும் எண்ணினதில்லை. காதுல மட்டும் விழுந்துண்டே இருந்தது." இதைச் சொல்ல அவர் வெகுநாள் காத்திருந்தவர் போலத் தெரிந்தது. "அந்தப் பெண் கையெழுத்தோட மனு வரணும். வந்தா, கச்சேரி வேலை முடிச்சுட்டு நானே வர்றேன். ஆறு மணிக்குப் புஸ்தகத்தை மூடிடுவேன். ஒரு நிமிஷம் கூடக் காத்திருக்க மாட்டேன்."

மனுவை எழுத ஜேக்கப்புக்குப் பத்து நிமிஷம் ஆயிற்று. அதை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் வரை நடந்ததுதான் பெரும்பாடு. எதிரே வந்தவர்கள் யாருக்கும் அவர் பதில் வணக்கம் சொல்லவில்லை. ரோஸ் வகுப்பிலிருந்து வெளியே வந்தாள், கையில் சாக்கட்டியோடு. விஷயத்தைச் சொன்னார்.

ரோஸ் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "அப்பா அந்த வீட்டுச் செவுத்துக்குத் தன் கையாலயே மண் மிதிச்சாருங்க," என்று மட்டும் சொன்னாள். பிறகு சாக்கட்டியைச் சன்னல் கட்டையில் வைத்துவிட்டு, "மனுவைக் குடுங்க," என்றாள்.

அஃப்ஸர் ஜஹான் வீட்டுக்குள் நேராகப் போகக்கூடிய ஆள் அவள்தான். கோஷாப் பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு வரமாட்டார்கள் என்பதால் ரோஸ் ஆறு வருஷம் சாயங்காலம் சாயங்காலம் அந்த வீட்டுக்குப் போய்ப் பாடம் சொல்லிக்கொடுத்திருந்தாள். அந்தப் பெண் தமிழில் தன் பெயரை எழுதக் கற்றது அவளிடம்தான். உஸ்தானி, உஸ்தானி என்று தன் டீச்சர் மேல் உயிராக இருக்கும் பெண்.

ஒரு மணிக்குப் போனாள். இரண்டு மணிக்குள் கையெழுத்தோடு மனு கச்சேரிக்கு வந்துவிட்டது. ஜேக்கப்புக்குப் போன உயிர் திரும்பியது. மீசையைக்கூட ஒரு தரம் தடவிக்கொண்டார்.

நாலரை மணிக்கு ராவ் புறப்பட்டபோது ஆம்பூரில் ஒரு ஜட்கா கிடைக்கவில்லை. இருந்ததெல்லாம் ரயிலடிக்குக் கல்யாண வீட்டு விருந்தாளிகளை அழைக்கப் போயிருந்தது. கச்சேரி வாசலில் நின்றது முனிரத்தினத்தின் மாட்டு வண்டி ஒன்றுதான், முக்கால் பாரம் ஆவாரம்பட்டையோடு.

"ஏறுங்க சாமி," என்றான் முனிரத்தினம். "மூட்டை மேல துண்டு விரிச்சிருக்கேன்."

சர்க்கார் அதிகாரி பட்டை மூட்டைமேல் உட்கார்ந்தார். பியூன் பதிவுப் புத்தகத்தையும் மைப் பலகையையும் மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான். ஜேக்கப் பின்னால் தொங்கிக்கொண்டு வந்தார். மண்டித் தெருவில் ஊறல் தொட்டிகளிலிருந்து தோலைத் தூக்கிக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். "பட்டை வாங்கலையா சாயபு, அதிகாரியோட சேர்த்துத் தர்றேன்," என்று முனிரத்தினம் ஒருவரைப் பார்த்துக் கத்தினான். ராவ் காதில் விழாத மாதிரி இருந்தார். வாய் ஓரம் மட்டும் ஒரு தரம் அசைந்தது.

கல்யாண வீட்டில் பந்தல் போட்டு முடித்து, பிரியாணித் தேக்சாக்களைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். மணப்பெண்ணின் அண்ணன் நசீர் அகமது வாசலுக்கே வந்து அழைத்துப் போனார். "உஸ்தானிம்மா வீட்டு வேலைன்னா எங்க வீட்டு வேலை," என்று சொல்லி எல்லோருக்கும் சர்பத் கொடுத்தார். கூடத்தின் நடுவில் கெட்டியான திரை தொங்கியது. ஆண்கள் இந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள். அந்தப் பக்கம் பெண்கள் நிறையப் பேர் இருப்பது வளையல் சத்தத்தில் தெரிந்தது. ரோஸும் அங்கேதான் இருந்தாள்.

திரைக்குப் பின்னால் இருப்பது தன் தங்கைதான் என்று நசீர் அகமது சாட்சி சொன்னார். ராவ் எழுதிக்கொண்டார். பிறகு பியூன் மைப் பலகையைத் திறந்தான்.

"இடது பெருவிரலை நீட்டச் சொல்லுங்கோ. ரேகை எடுக்கணும்."

வளையல் சத்தம் நின்றுவிட்டது. பிறகு உருதுவில் குசுகுசுவென்று பேச்சு. பிறகு திரை ஓரத்தில் ரோஸின் முகம் மட்டும் தெரிந்தது.

"இன்னாங்க, ரேகையா? கையெழுத்துன்னு மட்டும்தானே என்கிட்ட சொன்னீங்க?"

"கையெழுத்து மனுவுக்கு. ஒப்புக்கொள்ளும்போது ரேகை..." ஜேக்கப் நிறுத்தினார். "ஏன்?"

"மூணு மணிக்கு மருதாணி வெச்சுட்டாங்க."

ஆம்பூர்க் கல்யாணத்தில் மருதாணி என்றால் உள்ளங்கையில் ஒரு வட்டம் வைத்து விடுகிற சமாசாரம் இல்லை. விரல் நுனி ஒவ்வொன்றுக்கும் கெட்டியாக அரைத்த பச்சையைக் குப்பி மாதிரி அப்பி, துணி சுற்றிவிடுவார்கள். விடிகிறவரைக்கும் எடுக்கக் கூடாது. அப்போதுதான் கறுஞ்சிவப்பாகப் பிடிக்கும். நிறம் எவ்வளவு பிடிக்கிறதோ அவ்வளவு பிரியம் புருஷன் வீட்டில் கிடைக்கும் என்பார்கள். ஜேக்கப் பதினெட்டு வருஷத்தில் எத்தனையோ கோஷா வீட்டுக்கு அதிகாரியோடு போயிருக்கிறார். விரல் கேட்பார்கள் என்று அவருக்குத் தெரியும். மணப்பெண்ணுக்கு விரல் காலியாக இருக்காது என்பதுதான் தோன்றவில்லை. கெட்டிக்காரத்தனம் முழுக்கத் தாளோடு நின்றுவிட்டது.

"வேற ஏதாவது விரல்?" என்று கேட்டார்.

"பத்தும்," என்றாள் ரோஸ்.

"கால் விரல்..."

"காலுக்கும் வெச்சாச்சு," என்று உள்ளிருந்து ஒரு கனத்த குரல் வந்தது. பெண்ணின் அத்தை மஹ்பூபி. தாயில்லாத பெண்ணைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான்.

"கால் விரலைப் பத்திச் சட்டத்துல ஒண்ணும் இல்லை. நீர் சும்மா இரும்," என்றார் ராவ்.

மஹ்பூபி திரைக்குப் பின்னாலிருந்து தமிழிலேயே பேசினாள், கூடத்தில் இருந்த எல்லோருக்கும் புரியட்டும் என்று. "ரைட்டர் சாப், உங்க பேஜாருக்கு எங்க பொண்ணு கை கெடைக்காது. ஒரு விரல்ல மருதாணி எடுத்தா, அந்த விரல் மட்டும் வெள்ளையா நிக்கும். ரங்கூன்ல மாமியார் வீட்டுப் பொம்பளைங்க கேட்டா இன்னா சொல்றது? மருதாணியைப் பாதியில கழுவறது நல்ல சகுனமும் இல்ல. இந்த வீட்ல யாரும் செஞ்சதில்ல."

நசீர் அகமது கையை விரித்தார். மருதாணி விஷயத்தில் ஆண்பிள்ளை பேச முடியாது. ராவ் கடிகாரத்தை எடுத்துப் பார்த்துவிட்டுத் தொடைமேல் வைத்துக்கொண்டார். ஐந்து முப்பத்தைந்து.

ஜேக்கப்புக்குத் தன் மேலேயே அப்படியொரு ஆத்திரம் வந்தது. ஊரில் எத்தனை ஏழையை நிற்க வைத்துக் கேட்டிருக்கிறார். அவர்களில் ஒருவன்கூடத் தன் பெண்டாட்டியின் அப்பா வீட்டை இப்படிப் பெட்டிக்கு அடியில் போட்டு வைக்கவில்லை. எழுந்து திரையைப் பார்த்து நின்றார்.

"அம்மா, தப்பு என்னுது. டீச்சர் வாராவாரம் கேட்டா. பத்திரத்தைப் பொட்டியில போட்டு நாலு மாசம் ஒக்காந்திருந்தது நான். உங்களைக் கேக்க எனக்கு மொகம் இல்ல."

உள்ளே ரோஸின் குரல் கேட்டது. "வேணாம், அஃப்ஸர். கல்யாணப் பொண்ணு கை அது. நான் கேக்க மாட்டேன். வீடு இருக்கிற எடத்துலயே இருக்கட்டும், எங்கயும் நடந்து போயிடாது." சொல்லிவிட்டாளே தவிர, கடைசி வார்த்தையில் குரல் உடைந்தது.

பிறகு பித்தளைச் சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. "அரே, அரே" என்று மஹ்பூபி பதறினாள். உருதுவில் படபடவென்று அத்தையும் மருமகளும் பேசினார்கள்.

திரை சற்றே விலகி, ஒரு இடது கை வெளியே வந்தது. நாலு விரலிலும் பச்சைக் குப்பி, அதன்மேல் துணி. பெருவிரல் மட்டும் ஈரமாக, இளஞ்சிவப்பாக, தனியாக நின்றது.

பியூன் மையை எடுக்கப் போனான். ராவ் கையமர்த்தினார். முதலில் கேள்வி கேட்க வேண்டும், அதுதான் முறை.

"இந்தப் பத்திரத்துல என்ன எழுதியிருக்குன்னு தெரியுமாம்மா?"

"தெரியும்," என்றது திரைக்குப் பின்னால் ஒரு சின்னக் குரல், நல்ல தமிழில். "உஸ்தானிம்மா வீட்டு மேல எங்க பாவா பேர் இருந்திச்சு. இனிமே இல்லன்னு எழுதியிருக்கு. நான் கப்பலேறிட்டா அந்தப் பேர் அங்கயே நிக்கும். தீர்ந்துபோன பாக்கிக்கு ஒருத்தங்க வீட்டைப் பிடிச்சு வெச்சிருந்தா பாவாவுக்குக் கபுர்ல பாரம். எறக்கி வெச்சுட்டுத்தான் போவேன்."

அப்பாவின் சமாதிப் பேச்சு வந்ததும் நசீர் அகமது தலையைக் குனிந்துகொண்டார்.

"நீயே மனசாரக் குடுக்கிறியா? யாராவது கட்டாயப்படுத்தினாளா?"

"கட்டாயப்படுத்தினாங்க," என்றாள் அஃப்ஸர் ஜஹான். "எல்லாரும் வேணாம் வேணாம்னுதான் கட்டாயப்படுத்தினாங்க. உஸ்தானிம்மாவும் சேர்ந்து. நான்தான் கேக்கல."

திரைக்கு அந்தப் பக்கம் பெண்கள் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். இந்தப் பக்கமும் அடக்க முடியவில்லை. வாசலில் வண்டியோடு நின்றிருந்த முனிரத்தினத்துக்கு விஷயம் தெரியாது, ஆனாலும் சேர்ந்து சிரித்தான். பதினெட்டு வருஷத்தில் முதல் முறையாகச் சேஷகிரி ராவ் பதிவுச் சமயத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்ததை ஜேக்கப் பார்த்தார்.

பியூன் விரலை மையில் உருட்டி முதலில் புத்தகத்திலும் பிறகு பத்திரத்திலும் ஒற்றி எடுத்தான். கை உள்ளே போனது. உடனே மஹ்பூபியின் குரல்: "அந்தக் கறுப்பு எதுல போவும்?"

"மண்ணெண்ணெய் போட்டா போயிடும்மா," என்றான் பியூன், உதவுகிற நினைப்பில்.

"கல்யாணப் பொண்ணுக்கு மண்ணெண்ணெய் தேய்க்கச் சொல்றான் பாரு," என்று அத்தை உள்ளே கத்தினாள். ஆனால் அந்தக் குரலில் கோபம் இல்லை. எண்ணெய் கொண்டுவாருங்கள், மிச்சம் இருக்கும் மருதாணியைக் கொண்டுவாருங்கள் என்று அதட்டும் சத்தம் கேட்டது. மறுபடி அந்த விரலுக்கு அத்தையே அப்பிவிட்டாள் என்று ரோஸ் பிற்பாடு சொல்லித்தான் தெரிந்தது. மற்ற ஒன்பது விரல் அளவுக்கு அது சிவக்கப் போவதில்லை என்பதும் அத்தைக்குத் தெரியும்.

ராவ் மணியைப் பார்த்தார். ஐந்து ஐம்பது. பத்திரத்தின் பின்பக்கம் மேலொப்பம் எழுத ஆரம்பித்தவர், பேனாவை நிறுத்திவிட்டு ரேகையைக் கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். ஜேக்கப்பும் எட்டிப் பார்த்தார்.

ரேகை தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் அதன் ஓரத்தில், விரலில் ஊறி நின்ற ஈரம் பட்டு, பிறை மாதிரி ஒரு சிவப்பு படிந்திருந்தது.

"பத்திரத்துல அடித்தல், திருத்தல், கறை எது இருந்தாலும் அதிகாரி குறிப்பு எழுதணும். சட்டம்," என்றார் ராவ். எழுதினார். வெகு நிதானமாக எழுதினார். கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, மை ஒற்றி, பத்திரத்தை ஜேக்கப்பிடம் நீட்டினார். "முறைப்படி சத்தமா வாசிச்சுக் காட்டும். அந்தப் பக்கம் இருக்கிறவாளுக்கும் கேக்கட்டும்."

ஜேக்கப் வாசித்தார். நாள், நேரம், பெயர், சாட்சி, எல்லாம் வழக்கமான வாசகம். கடைசி வரிக்கு வந்தபோது குரல் தடுமாறியது.

"ரேகையின் ஓரத்தில் காணும் சிவப்பு, எழுதிக் கொடுத்தவரின் கல்யாண மருதாணி. இது குற்றமாகாது."

திரைக்குப் பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள், யாரோ சிரித்தார்கள். இரண்டும் ரோஸ்தான்.

"இன்னாங்க," என்றாள் அவள் அங்கிருந்தே, "அந்தக் கடைசி வரியை இன்னொரு தரம் படிங்க."